தூக்குநூல்

முதலில் தண்டவாளத்தை முக்காலியில் பூட்டுவேன்.
ஒற்றைத் தண்டவாளம். அதில் ஓடுவது ரயிலல்ல,
இரண்டு சட்டங்கள்; நடுவே ஒரு துருத்தி,
எந்த உலையையும் ஊதாத துருத்தி,
இருட்டை மட்டும் மடித்து வைத்திருப்பது.

சுவிட்சர்லாந்தில் செய்தது.
டாலர் கொடுத்து வாங்கியதாம்;
அலுவலகத்தில் எல்லோரும் ஒரு கை தள்ளி நின்றே பார்த்தார்கள்.
கார்வினாவில், சுரங்கத்தின் தலைமேல் குடியிருந்த வீடுகளைப்
படம்பிடித்துச் சேதப் பிரிவில் ஒப்படைப்பது என் வேலை.
வருடம் எழுபத்தாறு. மார்ச்.
காற்றில் கந்தகம், வேனில் ஈரக் கம்பளி வாடை.

முன்சட்டம் ஏறும், இறங்கும், பக்கவாட்டில் நழுவும்.
பின்சட்டம் குனியும், முகம் திருப்பும்.
கழுத்தும் இடுப்பும் தனித்தனியே ஒடிகிற மாதிரி
இவ்வளவு அசைவும்
நிற்பதை நிற்பதாகக் காட்டத்தான்.
அண்ணாந்தால் கட்டடம் பின்னால் சாயும்;
கண் மன்னித்துவிடும்,
பிலிம் மன்னிக்காது.

பொறியாளர் ஹனாக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.
தேய்த்த கண்ணாடியில் வீடு தலைகீழாகத் தொங்கியது,
புகைபோக்கி அடியில்,
புகை கீழ்நோக்கி ஒழுகிக்கொண்டு.
அப்படியும் தெரிந்தது.
ஆடத் தெரியாதவள் சொன்ன சாக்கல்ல,
கூடமே கோணல்.
துணிக்குள்ளிருந்தபடியே கேட்டார்:
"இத்தனை திருகு வைத்திருக்கிறானே,
ஒன்றைத் திருகி நிமிர்த்தக் கூடாதா?"

முடியும்.
அதுதான் சங்கடம்.
நாலு டிகிரி உருட்டினால் வீடு சிப்பாய் மாதிரி நிற்கும்,
இழப்பீட்டுத் தாளில் ஒரு பூஜ்யம் உதிரும்.
தெருவைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடலாம்.
இலையில்லாத மரங்கள்
எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரும் கேட்பதில்லை.
ரசமட்டத்தின் குமிழி மட்டும்
ஓரத்துக்கு ஓடி ஒண்டிக்கொள்ளும்.
குமிழி படத்தில் விழாது.

உருட்டினேன்.
மகளுக்குக் கல்லூரி இடம் அந்த மாதம்தான் முடிவாக வேண்டும்
என்று சொல்லிக்கொள்ளலாம்.
சொல்லிக்கொண்டேன்.

மாடி ஜன்னல் திறந்தது. விலாஸ்தா கோனெச்னா,
முழங்கைவரை மாவு.
எங்களையும் பார்த்தாள், சாய்ந்து நின்ற கேமராவையும்.
எதுவும் கேட்கவில்லை.
துணிக்கொடியை அவிழ்த்து வந்து,
நுனியில் ஒரு உருளைக்கிழங்கைக் கட்டி
ஜன்னலின் இடது மூலையிலிருந்து இறக்கினாள்.

கிழங்கு ஊசலாடியது.
வலம், இடம், கொஞ்சம் வலம்,
பிறகு யோசித்து நின்றது.
கரியேறிய செங்கல்லின்மேல் வெள்ளைக் கோடு;
மேல் ஜன்னலின் மூலையில் புறப்பட்டு
கீழ் ஜன்னலின் மூலைக்கு
ஒரு சாணுக்கு மேலாகவே தள்ளி முடிந்தது.

"என்ன அது?" என்றார் ஹனாக்.
"சமையல்" என்றாள்.

நான் துணிக்குள் போனேன்.
வீடு நேராக இருந்தது.
பூமியின் ஈர்ப்புதான் கோணலாக இருந்தது.
அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
வெகுநேரம் உள்ளேயே இருந்தார்;
துணிக்கு வெளியே
அவருடைய கால்கள் மட்டும் இடம் மாற்றி இடம் மாற்றி நின்றன.
"காற்றடித்தது என்று எழுதிவிடலாமா?"

திறப்பு இரண்டு நொடி, சார்.
காற்றென்றால் கயிறு மங்கும்.
இது சவரக் கத்தி மாதிரி விழும்.

அவர் சிகரெட் வாங்கப் போனார்.
தெரு முனையில் கடை இருந்தது,
அன்றைக்கு அது மூடியிருந்ததும் அவருக்குத் தெரியும்.
குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
லென்ஸை மூடினேன், தகட்டைச் செருகினேன்,
மறைப்பை உருவினேன்.
ஒன்று. இரண்டு.

கிழங்கு மேலே போனது. ஜன்னல் மூடியது.
சற்று நேரத்தில் வெங்காயம் வதங்கும் வாசனை.

சேதப் பிரிவுப் படிவத்தில் ஒன்பதாவது பத்தி:
படத்தில் காணப்படும் பிற பொருட்கள்.
இருபது வருடத்தில் அதை நான் நிரப்பியதே இல்லை.
எழுதினேன்:
கயிறு, ஒன்று.
உருளைக்கிழங்கு, ஒன்று. நடுத்தர அளவு.